மருந்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள்

இந்த மாதப் பாடம் உடல்நலம் பற்றியது, நீ எழுது என்று எங்கள் கிளை அண்ணன் சொன்னபோது நான் கொஞ்சம் தயங்கினேன். நான் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். மருத்துவம் படிக்கவில்லை. ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்று இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோயிலில் விழுந்த பெரியப்பா

எங்கள் தோட்டம் ரந்தாவிலிருந்து லிங்கி போகிற பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது. பெரியப்பா செம்பனை வெட்டுகிறவர். நல்ல மனுசன், ஆனால் தினமும் குடிப்பார். வேலை முடிந்து வந்ததும் சம்சு, ராத்திரி மறுபடி, சில நாள் விடியற்காலையிலும். பெரியம்மா அழுது, சண்டை போட்டு, கடைசியில் ஓய்ந்துவிட்டார். அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பெரியப்பாவே ஒரு முடிவெடுத்தார். "இந்த வருஷம் காப்பு கட்டப் போறேன். இனிமே தொடமாட்டேன்." வீடே சந்தோஷப்பட்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரி கடைசியாகக் குடித்தார். சனிக்கிழமை காலை காப்பு கட்டினார். மத்தியானமே கை நடுங்கியது, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. "விரதம்னா உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். சுவரில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயில் மண்டபத்தில் அப்படியே கீழே விழுந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

"சாமி வந்துருச்சு" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் விபூதி கொண்டு வந்தார். வேறொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். உண்மையைச் சொல்கிறேன், நானும் சும்மாதான் நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு தாத்தா வந்தார். முன்பு எங்கள் தோட்டத்தில் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்துத் தாமானில் குடியிருந்தார். எல்லாருக்கும் அவர் 'டிரெசர் தாத்தா'தான்.

"டேய் தம்பி, அந்தச் சாவிய எடு. வாயில ஒண்ணும் வைக்காதீங்க. இப்படி ஒருக்களிச்சுப் படுக்க வை. காத்து வரட்டும், தள்ளுங்க" என்றார். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, "ஏம்மா, கடைசியா எப்ப குடிச்சான்?"

"வெள்ளிக்கிழமை ராத்திரிங்கய்யா."

"தினம் எவ்வளவு? இதுக்கு முன்னாடி விட்டப்ப இந்த மாதிரி இழுத்துச்சா? ரெண்டு நாளா சாப்பிட்டானா?"

நாலே கேள்விதான். பதிலைக் கேட்டதும் என்னிடம் திரும்பி, "999 அடி. குடியை நிறுத்தி ரெண்டாவது நாள், வலிப்பு வந்திருக்குன்னு சொல்லு. அந்த வார்த்தையையே சொல்லு" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. வார்டில் பெரியப்பாவுக்கு வலிப்பை அடக்கும் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு மண்டபத்தில் நூறு பேர் இருந்தோம். அத்தனை பேரிலும் விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான். இந்தப் பாடம் அந்த ஒருவரைப் பற்றியது.

வள்ளுவர் சொன்ன நாலாவது ஆள்

திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 95ஆம் அதிகாரம் மருந்து. நடுவில் ஓர் அதிகாரம்தான். பள்ளியில் கள்ளுண்ணாமையைப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்கிறோம். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

அந்தக் குறளில் மருத்துவத்துக்கு நாலு பகுதி என்கிறார் வள்ளுவர். நோயாளி ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று. நாலாவதாக உழைச்செல்வான் என்று ஒருவரைச் சொல்கிறார். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து மருந்து கொடுத்துக் கவனித்துக்கொள்கிறவர் என்று பொருள். டாக்டருக்குச் சமமாக அவரையும் ஒரு பகுதியாக எண்ணுகிறார்.

என் படிப்பில் ஒரு விஷயம் உண்டு. மின்நிலையம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கடைசிக் கம்பி அறுந்தால் விளக்கு எரியாது. மருத்துவத்திலும் அப்படித்தான். சிரம்பானில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, போர்ட்டிக்சனில், தம்பினில், கோலப் பிலாவில், ஜெம்போலில் இருக்கிறது. அங்கிருந்து லயத்து வீட்டு வாசல் வரைக்கும் வருகிற கடைசிக் கம்பி யார் என்பதுதான் கேள்வி.

டிரெசர் என்றால் யார்?

நம் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். தோட்டத்தில் துரை, கிராணி, மண்டோர் எல்லாரையும் நினைவில் வைத்திருப்பது போலவே டிரெசரையும் நினைவில் வைத்திருப்பார்கள். பிற்காலத்தில் 'எச்.ஏ.' என்றும் அழைத்தார்கள்.

ரப்பர் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் காடழித்த இடங்களில் மலேரியா நம் மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அதே காலத்தில் டாக்டர் மால்கம் வாட்சன் சிலாங்கூர் பகுதியில் வடிகால் வெட்டி, தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்துக் கொசுவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். ஆள் செத்தால் வேலை நடக்காது. அதனால் தோட்ட முதலாளி தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று தொழிலாளர் சட்டங்கள் வந்தன. ஒவ்வொரு தோட்டத்துக்கும் டாக்டர் கிடைக்கமாட்டார். குறிப்பிட்ட நாளில் வந்து போகிற டாக்டர் ஒருவர் இருப்பார். மற்ற நாள் எல்லாம் டிரெசர்தான்.

காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கொய்னா கொடுப்பார். கத்தி வெட்டுக்குக் கட்டுப் போடுவார். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளின் வயிற்றையும் கண்ணையும் பார்ப்பார். லயம் லயமாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியும் சாக்கடையும் சுத்தமா என்று பார்ப்பார். எந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை, எந்த வீட்டில் அடி விழுகிறது, எந்த வீட்டில் சம்பளம் கள்ளுக்கடைக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

எல்லா டிரெசரும் தங்கம் என்று நான் சொல்லவில்லை. எல்லா நோய்க்கும் ஒரே தண்ணி மருந்தை ஊற்றிக் கொடுத்தார் என்று பாட்டிமார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவர் முதலாளியின் ஆள், காய்ச்சல் உண்மையா பொய்யா என்று முடிவு செய்து வேலைக்கு அனுப்பும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. அந்தக் கசப்பும் வரலாற்றில் உண்டு. ஆனாலும் வீட்டு வாசல் வரைக்கும் வருகிற, பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. அந்த வேலை அவ்வளவு முக்கியமாகக் கருதப்பட்டது.

கள்ளுக்கடையும் மருந்தும் ஒரே பட்டியலில்

தோட்டத்தில் குடி எப்படி வந்தது? 'நம்ம ஆளுங்க குடிகாரங்க' என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வரலாறு வேறு மாதிரி. காலனி ஆட்சியில் அரசாங்க அனுமதியோடு தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடந்தது. சம்பளம் கொடுக்கிற இடமும் அதைச் செலவழிக்கிற இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. விற்பனையில் அரசாங்கத்துக்கும் வருமானம் இருந்தது.

நம் மக்கள் அதை எதிர்த்தார்கள். 1941இல் பக்கத்து மாநிலமான சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் இருந்தது, சரியான மருத்துவ வசதி வேண்டும் என்பதும் இருந்தது. துரைமாருக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்றுகூடக் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் நம் வயது இளைஞர்கள் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். 1947இல் அதுவும் அடக்கப்பட்டது.

அந்த 1941 பட்டியலை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். அதிகம் படிக்காதவர்கள் என்று நாம் நினைக்கிற அந்தத் தொழிலாளர்கள் கடையை மூடு என்பதோடு நிற்கவில்லை. வைத்தியத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். பின்னால் கள்ளுக்கடைகள் மறைந்தன. அந்த இடத்துக்கு மலிவான சம்சு வந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. 2017 டிசம்பரிலிருந்து மது வாங்கக் குறைந்தபட்ச வயது 18இலிருந்து 21 ஆனது. கடை, வயது, விலை எல்லாம் தேவையான கட்டுப்பாடுதான். ஆனால் ஏற்கெனவே குடிக்கு அடிமையாகிவிட்டவர் வீட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதைச் சட்டம் வந்து பார்க்காது.

இன்று தோட்டத்தில் என்ன இருக்கிறது?

நியாயமாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுப் பொது மருத்துவம் பல நாட்டினர் பொறாமைப்படும் அளவுக்கு இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளியில் டாக்டரும் மருந்தும் கிடைக்கும். கிராமங்களில் கிளினிக் டெசா உண்டு, தாய் சேய் நலத்தைத் தாதியர் பார்க்கிறார்கள். பழைய டிரெசரின் அரசாங்கத் தம்பி போன்றவர் இன்றைய உதவி மருத்துவ அதிகாரி. மூன்று வருட டிப்ளோமா படித்தவர். கிளினிக்கில் நம்மை முதலில் பார்க்கிறவரும் பல சமயம் அவரே, ஆம்புலன்ஸில் வருகிறவரும் அவரே. தோட்ட முதலாளி வீடு, பிள்ளைப் பராமரிப்பு, மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446 இன்றும் சொல்கிறது.

பிறகு எங்கே ஓட்டை? தோட்டங்கள் கைமாறின, துண்டாயின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் 2, செண்டாயான் பக்கம் போனால் அன்று மரம் நின்ற இடத்தில் இன்று தாமான். பல தோட்டங்களில் மருந்துக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. எங்கள் தோட்டத்தில் அது உரம் அடுக்கும் ஸ்டோர். லயத்தில் மிச்சம் இருப்பவர்கள் வயதானவர்களும், இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்த தொழிலாளர்களும். மோட்டார் ஓட்டத் தெரியாத பாட்டிக்கு ஒரு வெள்ளி கிளினிக்குக்குப் போக வாடகைக் கார் முப்பது வெள்ளி. கிளினிக் அலுவலக நேரத்தில் திறந்திருக்கிறது. வெட்டுக்காரரும் அதே நேரத்தில்தான் வேலை செய்கிறார்.

மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், நோயாளி இருக்கிறார். நாலாவது ஆள்தான் இல்லை.

மற்ற இடங்களில் எப்படி?

இந்த நாலாவது ஆளை உலகில் இப்போது 'சமூகப் பாராமெடிக்' என்று அழைக்கிறார்கள். சாதாரண பாராமெடிக் ஆபத்து வந்த பிறகு ஆம்புலன்ஸில் வருவார். சமூகப் பாராமெடிக் ஆபத்து வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்கு வருவார். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார், புண்ணுக்குக் கட்டு மாற்றுவார், மருந்து சரியாகச் சாப்பிடுகிறாரா என்று பார்ப்பார், டாக்டரிடம் பேசுவார்.

கனடாவில் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் லாங், பிரையர் என்று இரண்டு சின்னத் தீவுகள். பெரும்பாலும் மீனவர்கள், வயதானவர்கள். டாக்டர் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் படகு ஏறிப் போக வேண்டும். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே இருந்த பாராமெடிக்குகளுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். ஒரு சிறப்புத் தாதி கூட இருந்தார், டாக்டர் தூரத்திலிருந்து வழிகாட்டினார். அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய தேவை குறைந்தது. தீவு என்றால் நம் தோட்டம் மாதிரிதான். கடலுக்குப் பதில் செம்பனை.

இன்னொரு கதை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில். 1960களில் அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதியில் யாராவது விழுந்தால் போலீஸ் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். வழியிலேயே பலர் இறந்தார்கள். 1967இல் டாக்டர் பீட்டர் சாஃபர் என்பவரின் உதவியோடு 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை உருவானது. அதே பகுதியின் வேலையில்லா இளைஞர்களையே தேர்ந்தெடுத்து, மாதக் கணக்கில் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். 'இவங்களால் முடியாது' என்று ஊர் சொன்னவர்கள் நாட்டிலேயே முதல் தரமான பாராமெடிக்குகள் ஆனார்கள். 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி இதை மூடிவிட்டது. ஆனால் அவர்கள் செய்து காட்டிய முறைதான் நாடு முழுக்கப் பரவியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கினார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு மருந்தை வீட்டிலேயே கொண்டு போய்க் கொடுக்கிறார்கள், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டில் இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். குடிநோய்க்கென்று பார்த்தால், சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை முன்னோடி. தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பெண் அவர். மக்கள் சென்னைக்கு வரட்டும் என்று அந்த நிறுவனம் காத்திருக்கவில்லை. மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டு, குடும்பத்தையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை கொடுத்தது.

குடிநோய்க்கு ஏன் வீட்டுப் பக்கத்து ஆள் தேவை?

இனி வருவதுதான் பாடத்தின் முக்கியப் பகுதி. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

பல வருஷம் தினமும் அதிகமாகக் குடிக்கிறவரின் மூளை மதுவுக்குப் பழகிப் போயிருக்கும். மது மூளையை மந்தப்படுத்தும். அதைச் சமாளிக்க மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். பிரேக்கை அழுத்திக்கொண்டே எண்ணெயை மிதிப்பது மாதிரி. திடீரென்று மதுவை நிறுத்தினால் பிரேக் மட்டும் போய்விடும்.

கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குக் கடுமையான பிதற்றல் நிலை வரும். இல்லாததைப் பார்ப்பார்கள், ஆள் தெரியாது, காய்ச்சல் அடிக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். எல்லாக் குடிகாரருக்கும் இப்படி வராது. ஆனால் யாருக்கு வரும் என்று வீட்டில் இருந்துகொண்டு நம்மால் சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு ஆபத்து அதிகம்.

பெரியப்பாவின் மூன்று நாளை இதோடு பொருத்திப் பாருங்கள். நடுக்கத்தை விரதத்தின் களைப்பு என்றோம். எறும்பைக் கண்ணேறு என்றோம். வலிப்பைச் சாமி என்றோம். பக்தியில் குறை இல்லை. எங்களுக்கு அறிவு பத்தவில்லை. டிரெசர் தாத்தா பிறகு சொன்னார்: "விரதம் இருக்கறது ரொம்ப நல்லது தம்பி. ஆனா இந்த அளவுக்குக் குடிக்கிறவன் காப்பு கட்டறதுக்கு முன்னாடி கிளினிக்குக்குப் போகணும். மருந்தோட இறக்கணும். அம்மன் அதுக்குக் கோவிச்சுக்கமாட்டா."

இரண்டாவது ஆபத்து விஷச் சாராயம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனால் உடனே காட்டிக் கொடுக்காது. பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் கண் மங்கும், வாந்தி வரும், மூச்சு வாங்கும். வீட்டில் 'போதை தெளியல, தூங்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். சீக்கிரம் கொண்டு போனால் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் காப்பாற்றும். தாமதித்தால் பார்வை போகும், உயிரும் போகும்.

மூன்றாவது, மறுபடி விழுவது. பெரியப்பா வார்டிலிருந்து வந்த பிறகு டிரெசர் தாத்தா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை ராத்திரியும் பழைய மோட்டாரில் வருவார். கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், ரத்த அழுத்தம் எடுப்பார், பி1 மாத்திரை டப்பாவை எண்ணுவார், பிறகு பந்து விளையாட்டு பற்றிப் பேசிவிட்டுப் போவார். குடியைப் பற்றி ஒரு வார்த்தை திட்டமாட்டார். எட்டாவது மாதம் ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா குடித்துவிட்டார். பெரியம்மா உடைந்து போனார். தாத்தா சொன்னார்: "ஒரு நாள் வழுக்கிட்டான். எட்டு மாசம் நின்னான் இல்ல, அதை எண்ணும்மா. நாளைக்கு மறுபடி ஆரம்பிப்போம்." சர்க்கரை ஏறினால் யாரும் நோயாளியை வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. குடிநோயும் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிற நோய்தான்.

போதைப்பொருளிலும் இதே கதை. 2005இலிருந்து நம் நாட்டில் ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு மெத்தடோன் சிகிச்சை தருகிறார்கள். பல அரசாங்க கிளினிக்குகளில் கிடைக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் தினமும் நேரில் போய்த்தான் குடிக்க வேண்டும். கிளினிக் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, மோட்டார் அடகில் என்றால் எத்தனை நாள் போவார்? விட்டுப் போவது பல சமயம் மன உறுதி இல்லாததால் அல்ல. பஸ் இல்லாததால்.

நாம் என்ன செய்யலாம்?

நாம் டாக்டரும் இல்லை, பாராமெடிக்கும் இல்லை. மருந்து கொடுப்பது, 'நானே குணப்படுத்துகிறேன்' என்று வீட்டில் பூட்டி வைப்பது இரண்டையும் செய்யவே கூடாது. ஆனால் பக்கத்தில் நிற்க நம்மால் முடியும்.

1. முதலுதவி கற்றுக்கொள்வோம். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் இரண்டும் பயிற்சி நடத்துகின்றன. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேராவது சான்றிதழ் வாங்குவோம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, நேரம் பார்ப்பது, வாயில் ஒன்றும் வைக்காமல் இருப்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2. தாத்தாவின் நாலு கேள்வியை மனப்பாடம் செய்வோம். கடைசியாக எப்போது? தினம் எவ்வளவு? முன்பு வலிப்பு வந்ததா? சாப்பிட்டாரா? 999இல் இந்தப் பதில்களைச் சொன்னால் வருகிறவர்கள் தயாராக வருவார்கள்.

3. திருவிழாவுக்கு முன் ஒரு வார்த்தை. காப்பு கட்டுபவர் பெயர் பதியும்போதே, தினமும் குடிப்பவர் என்றால் முதலில் கிளினிக்குக்குப் போய் வரச் சொல்லும்படி கோயில் நிர்வாகத்திடம் மரியாதையோடு கேட்போம். தேவையானால் நாமே மோட்டாரில் கூட்டிப் போவோம்.

4. வண்டி வரிசை. கிளினிக் தேதி உள்ள பெரியவர்கள், மெத்தடோன் எடுப்பவர்கள் யார் யார் என்று அவர்கள் சம்மதத்தோடு தெரிந்துகொண்டு, வாட்ஸ்அப்பில் முறை வைத்துக் கூட்டிப் போவோம். அவர் பெயரும் நோயும் நம்மைத் தாண்டிப் போகக்கூடாது. தோட்டத்தில் ஒரு வாய்ச்சொல் போதும், ஒரு மனுசனின் மானம் போய்விடும்.

5. தொழிலாகவும் யோசிப்போம். எஸ்.பி.எம். முடித்த தம்பி தங்கைகளே, உதவி மருத்துவ அதிகாரி, தாதி ஆகிய படிப்புகள் உங்களுக்கும் திறந்திருக்கின்றன. நம் மொழி பேசுகிற, லயத்து வாழ்க்கை தெரிந்த ஓர் ஆள் அந்தச் சீருடையில் வீட்டு வாசலில் நின்றால் என்ன ஆகும் என்று ஃப்ரீடம் ஹவுஸ் இளைஞர்கள் காட்டிவிட்டார்கள்.

பெரியப்பா குடிக்காமல் மூன்று வருஷம் தாண்டிவிட்டது. போன திருவிழாவில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தூக்கினார். டிரெசர் தாத்தா போன வருஷம் காலமாகிவிட்டார். செவ்வாய்க்கிழமை ராத்திரி மோட்டார் சத்தம் கேட்பதில்லை. பெரியப்பா இன்னும் அந்த நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்கிறார். கேம்பஸிலிருந்து ஊருக்குப் போகிற வாரங்களில் நான் போய் எதிரில் உட்கார்கிறேன். எனக்கு ரத்த அழுத்தம் எடுக்கத் தெரியும் இப்போது. பந்து விளையாட்டு பற்றியும் பேசத் தெரியும்.

கலந்துரையாட

• உங்கள் தோட்டத்தில் அல்லது தாமானில் டிரெசர் அல்லது எச்.ஏ. இருந்தாரா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவரைப் பற்றி இரண்டு நல்ல நினைவும் ஒரு குறையும் எழுதி வாருங்கள்.

• உங்கள் வீட்டிலிருந்து அருகிலுள்ள அரசாங்க கிளினிக் எத்தனை கிலோமீட்டர்? எத்தனை மணிக்கு மூடுகிறது? வண்டி இல்லாத ஒருவர் அங்கே எப்படிப் போவார்?

• 'குடிகாரன்' என்ற சொல்லுக்கும் 'குடிநோயாளி' என்ற சொல்லுக்கும் என்ன வித்தியாசம்? எந்தச் சொல்லைக் கேட்டால் ஒருவர் உதவி தேடி வருவார்?

• 1941இல் தொழிலாளர்கள் கள்ளுக்கடை மூடுவதையும் மருத்துவ வசதியையும் ஏன் சேர்த்துக் கேட்டார்கள்? இன்று நீங்கள் ஒரு கோரிக்கைப் பட்டியல் எழுதினால் அதில் என்ன இருக்கும்?

இந்த மாதச் செயல்: அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குப் போய், தனியாக இருக்கும் ஒரு பெரியவரிடம் கால் மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். அடுத்த கிளினிக் தேதி எப்போது என்று மட்டும் கேளுங்கள். அன்றைக்கு யார் கூட்டிப் போகிறார்கள் என்பதையும் கேட்டு வாருங்கள்.